குரல் எங்களோடது... பேர் யாரோடது? கேர்ள் குரூப்களின் முதல் ஆல்பத்துக்குப் பின்னால் இருக்கும் கையெழுத்து!

இன்ஸ்டாகிராம் பக்கம் போகிறவர்களுக்கு லாரா ராஜ் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு அமெரிக்க மேடைகளில் பாடி ஆடும் தமிழ் வம்சாவளிப் பெண். 'கேட்ஸ்ஐ' என்ற ஆறு பேர் கொண்ட பெண்கள் பாடல் குழுவில் ஒருவர். 2025 நவம்பரில் வெளியான கிராமி பரிந்துரைப் பட்டியலில், சிறந்த புதுமுகம் உட்பட இரண்டு பிரிவுகளில் இந்தக் குழுவின் பெயர் இருந்தது.

சமீபத்தில் திருப்புட்குழியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் சித்தி மகள் போனை நீட்டினாள். அவளும் தோழிகள் மூன்று பேரும் சேர்ந்து பாடிப் போடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "ஆல்பம் பண்ணலாம், ஒரு அக்ரிமென்ட் மட்டும் போட்டுக்கலாம்" என்று யாரோ மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். "லாரா மாதிரியே ஆகலாம்னு சொல்றாங்கக்கா. கையெழுத்து போட்டுடலாமா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கேர்ள் குரூப் என்றால் என்ன, முதல் ஆல்பத்தின்போது என்ன நடக்கிறது, பெயரும் குரலும் பணமும் யாருக்குப் போகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேர்ள் குரூப் எங்கே தொடங்கியது?

இன்று கொரியாவில் இருந்து வரும் குழுக்களைத்தான் நமக்குத் தெரியும். ஆனால் இந்த வடிவம் பெரிய அளவில் வளர்ந்தது அமெரிக்காவில், 1960-களில், 'சோல்' இசையோடு.

தேவாலயங்களில் கறுப்பின மக்கள் பாடிய பக்திப் பாடலும், ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையும் கலந்து பிறந்ததுதான் சோல். ஒருவர் முன்னால் பாடுவார், மற்றவர்கள் அதை வாங்கிப் பின்பாட்டாகத் திருப்பித் தருவார்கள். நம்ம ஊர் பஜனைக் கோஷ்டியில் நடப்பதைப் போலத்தான். அந்தப் பின்பாட்டு இல்லாவிட்டால் பாட்டு மொட்டையாக நிற்கும்.

இந்த இசையின் முக்கியமான கம்பெனி, டெட்ராய்ட் நகரில் 1959-ல் பெர்ரி கோர்டி தொடங்கிய நிறுவனம். மோட்டவுன் என்று சொன்னால் இசை ரசிகர்களுக்குத் தெரியும். அதன் பெரிய வெற்றி 'தி சுப்ரீம்ஸ்' குழு. அவர்களுடைய முதல் ஆல்பமான 'மீட் தி சுப்ரீம்ஸ்' 1962 டிசம்பரில் வந்தது.

அட்டையில் மூன்று பேர்... பாடியது?

அட்டைப் படத்தில் இருப்பது மூன்று பேர். டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளோரன்ஸ் பல்லார்ட்.

ஆனால் உள்ளே இருக்கும் பாடல்களில் பெரும்பாலானவற்றில் நான்காவது குரல் ஒன்று கேட்கும். அது பார்பரா மார்ட்டின் குரல். ஆல்பம் வருவதற்குள் அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். குரல் தட்டில் தங்கிவிட்டது, முகம் அட்டையில் இல்லை.

அந்த ஆல்பம் பெரிதாக ஓடவும் இல்லை. அதில் இருந்த பாடல்கள் பில்போர்டு முதல் 100 பட்டியலின் வால் பக்கத்தைத் தாண்டவில்லை. 'ஹிட்டே இல்லாத சுப்ரீம்ஸ்' என்று சொந்தக் கம்பெனியிலேயே கிண்டல் செய்தார்கள். 1964-ல்தான் முதல் நம்பர் ஒன் வந்தது. அதன் பிறகு மொத்தம் 12 நம்பர் ஒன் பாடல்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெயர் வைத்தவருக்கே பெயர் இல்லை

மோட்டவுனில் 1961 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டபோது அந்தப் பெண்கள் பள்ளிக்கூட மாணவிகள். வயது 16, 17. அதுவரை குழுவின் பெயர் 'பிரைமெட்ஸ்'. அதை மாற்றச் சொன்னது கம்பெனி. கொடுத்த பட்டியலில் இருந்து 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃப்ளோரன்ஸ் பல்லார்ட்.

1967-ல் குழுவின் பெயர் 'டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்' என்று மாறியது. அதே ஆண்டு பல்லார்ட் குழுவில் இருந்து வெளியேற்றப்பட்டார், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்தார். 1968-ல் கணக்கு முடித்துக் கொடுத்த தொகை சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் டாலர். கூடவே ஒரு நிபந்தனை: தனியாகப் பாடும்போது 'முன்னாள் சுப்ரீம்ஸ் பாடகி' என்று விளம்பரம் செய்யக் கூடாது.

அதாவது, பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பிழைக்க முடியாது.

1971-ல் மோட்டவுன் மீது வழக்கு போட்டார், ஜெயிக்கவில்லை. வறுமையில் இருந்து மீள முயன்றுகொண்டிருந்தபோது, 1976 பிப்ரவரியில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 32.

மேரி வில்சனும் பெயர் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினார். பழைய உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் பிரபல குழுவின் பெயரில் கச்சேரி நடத்துவதைத் தடுக்கும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வந்ததற்கு அவருடைய பிரசாரமும் ஒரு காரணம்.

இதைவிட விநோதமான சம்பவமும் அதே 1962-ல் நடந்தது. 'தி கிரிஸ்டல்ஸ்' என்ற குழுவின் பெயரில் 'ஹீ ஈஸ் எ ரெபல்' என்ற பாடல் வந்து நம்பர் ஒன் ஆனது. அதை கிரிஸ்டல்ஸ் பாடவே இல்லை! பாடியவர் டார்லின் லவ், கூடப் பாடியது அவருடைய 'பிளாசம்ஸ்' குழு. குழுவின் பெயர் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் கையில் இருந்ததால் அவரால் அப்படிச் செய்ய முடிந்தது.

இந்தியாவில் இப்படி ஒரு குழு இருந்ததா?

இருந்தது. 90-ஸ் கிட்ஸுக்கு ஞாபகம் இருக்கலாம். 2002-ல் சேனல் வி நடத்திய 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி. நியூசிலாந்தில் 1999-ல் தொடங்கிய நிகழ்ச்சியின் இந்திய வடிவம் அது. பல ஊர்களில் தேர்வு நடத்தி ஐந்து பெண்களைப் பிடித்தார்கள்: நேஹா பாசின், அனுஷ்கா மன்சந்தா, பிரதீச்சி மொஹபாத்ரா, மஹுவா காமத், சீமா ராம்சந்தானி.

குழுவுக்கு 'விவா' என்று பெயர். முதல் ஆல்பமும் அதே பெயரில் 2002-ல் வந்தது. அப்போது டிவியைத் திறந்தால் அவர்கள்தான்.

அடுத்த ஆண்டு 'விவா ரீலோடட்' வந்தபோது குழுவில் இருந்தது நான்கு பேர், சீமா விலகியிருந்தார். அதன் பிறகு சில ஆண்டுகளில் குழுவே கலைந்துவிட்டது. நேஹா பாசின் தனிப் பாடகியாக வளர்ந்தார். 'சத்தம் போடாதே' படத்தில் யுவன் இசையில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாடியவர் அவர்தான். நாம் முணுமுணுத்த அந்தப் பாட்டின் குரலுக்கும் விவாவுக்கும் உள்ள தொடர்பு நம்மில் பலருக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இந்தியாவில் இருந்து பேசப்படும் கேர்ள் குரூப் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2024-ல் நான்கு பேர் கொண்ட 'விஷ்' குழு சோனி மியூசிக் மூலம் அறிமுகமானது.

அப்போ கேட்ஸ்ஐ?

அதுவும் தேர்வு நிகழ்ச்சியில் உருவான குழுதான். கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து நடத்திய போட்டி. விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் 20 பேர். 2023 நவம்பரில் ஆறு பேர் தேர்வானார்கள்.

முதல் வெளியீடான 'சிஸ்' 2024 ஆகஸ்டில் வந்தது. அது ஐந்து பாடல் கொண்ட இ.பி., அதாவது முழு ஆல்பத்தைவிடச் சின்னது.

குழுவை உருவாக்கியது, பயிற்சி கொடுத்தது, பணம் போட்டது எல்லாம் கம்பெனி. அதில் தவறில்லை. பல கோடி ரூபாய் போடுகிறவர் பாதுகாப்பு தேடத்தான் செய்வார். ஆனால் ஒப்பந்தத்தை விட்டு வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அதே ஹைப் குடும்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

'நியூஜீன்ஸ்' குழுவின் ஐந்து பெண்கள், ஹைப்பின் துணை நிறுவனமான அடோர் உடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக 2024 நவம்பரில் அறிவித்தார்கள். 2025 தொடக்கத்தில் 'என்.ஜே.இசட்' என்று புதுப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். மார்ச்சில் சியோல் நீதிமன்றம் அவர்கள் தனியாக இயங்கத் தடை போட்டது. அக்டோபர் 30-ல் வந்த தீர்ப்பு, ஒப்பந்தம் இன்னும் செல்லும் என்றது. நவம்பரில் கம்பெனிக்குத் திரும்புவதாக அறிவிப்பு வந்தது.

உலகப் புகழ் பெற்ற, நல்ல வக்கீல் வைக்க முடிந்த குழுவுக்கே இந்த நிலைமை. திருப்புட்குழி பிளஸ் ஒன் மாணவிக்கு?

பணக் கணக்கு எப்படிப் போடுவார்கள்?

பலரும் ஏமாறுவது இங்கேதான். "ஆல்பம் செலவு முழுக்க நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்தச் செலவு பாடுகிறவர்களின் பங்கில் இருந்துதான் கழிக்கப்படும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஆல்பத்துக்கு ஆன செலவு 10 லட்சம் ரூபாய். குழுவின் பங்கு வருமானத்தில் 10 சதவீதம். உறுப்பினர்கள் ஐந்து பேர்.

வருமானம் ஒரு கோடி வந்தால் குழுவின் பங்கு 10 லட்சம். அது அப்படியே செலவுக்கணக்கில் கழிந்துவிடும். கையில் வருவது பூஜ்ஜியம். 

வருமானம் ஒரு கோடியே 20 லட்சம் என்றால் பங்கு 12 லட்சம். செலவு போக மீதி 2 லட்சம். ஆளுக்கு 40 ஆயிரம் ரூபாய்.

காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுசே இல்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, ஒவ்வொரு சேலைக்கும் கூலியில் கழித்துக்கொண்டே வருவது தறிக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்தான்.

நம்ம சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டில் மூன்று வகை உரிமை இருக்கிறது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை ஒன்று. பதிவு செய்த கம்பெனியின் உரிமை இன்னொன்று. பாடியவரின் உரிமை மூன்றாவது.

2017-ல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பில் இருந்து நோட்டீஸ் போனபோது, "பாடினவருக்குப் பாட உரிமை இல்லையா?" என்று தமிழ்நாடே விவாதித்தது நினைவிருக்கும். அந்தக் குழப்பத்துக்குக் காரணம், இந்த மூன்றையும் நாம் ஒன்றாக நினைப்பதுதான்.

பாடியவருக்கான உரிமை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் காலம் 50 ஆண்டுகள். 2012-ல் வந்த திருத்தம் இதை வலுவாக்கியது. அதன்படி:

• பாடியதை வணிக ரீதியாகப் பயன்படுத்தினால் பாடியவருக்கு ராயல்டி பெறும் உரிமை உண்டு.

• 'இதைப் பாடியது நான்' என்று அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமை உண்டு. பெயருக்குக் கெடுதல் வரும்படி குரலைத் திரித்தால் தடுக்கும் உரிமையும் உண்டு.

• உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் பாட்டு, எவ்வளவு காலம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பாடகர்களுக்காக ராயல்டி வசூலிக்க 2013-ல் இந்தியப் பாடகர்கள் உரிமைச் சங்கமும் தொடங்கப்பட்டது.

ஆனால் குழுவின் பெயர் இந்தச் சட்டத்தில் வராது. அது வணிகச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் வரும். யார் பெயரில் பதிவாகிறதோ அவர்கள் கைக்குப் போய்விடும். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பல்லார்ட் மாட்டிக்கொண்டது குரல் விஷயத்தில் இல்லை, இந்தப் பெயர் விஷயத்தில்தான்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. வயது 18 ஆகிவிட்டதா? 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. அதனால் பெற்றோரைக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது முழுக்கப் படிக்க வேண்டிய பொறுப்பு பெற்றோருடையது.

2. குழுவின் பெயர் யார் பெயரில் பதிவாகும்? ஒருவர் விலகினால் 'முன்னாள் உறுப்பினர்' என்று சொல்லிக்கொள்ளலாமா?

3. எத்தனை ஆண்டு? எந்தெந்த நாடு? 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

4. என்னென்ன செலவு எங்கள் பங்கில் கழியும்? கணக்கை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவீர்கள்?

5. ஒவ்வொரு பாட்டிலும் யார் யார் பாடினார்கள் என்று பெயர் போடுவீர்களா? குரலை ஏ.ஐ.க்குப் பயன்படுத்துவீர்களா?

6. வெளியேற வேண்டும் என்றால் வழி என்ன? வெளியே போன பிறகு எவ்வளவு நாள் பாடக் கூடாது?

இதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் கோபப்பட்டால், பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எதுவானாலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெயர் சொல்வது சின்ன விஷயமா?

1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகளை அச்சடித்தது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்கள் சரியான பெயரை ஒட்ட வேண்டுமே, அதற்காக! இன்றைக்கும் அந்தத் தட்டைப் போட்டால் பாட்டோடு பெயரும் கேட்கிறது.

நம்ம பக்கத்திலும் இருக்கிறது. திருப்புட்குழியில் இருந்து சில கிலோமீட்டரில், அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் தாமல் கிராமம். டி.கே.பட்டம்மாள் என்ற பெயரில் இருக்கும் 'டி' அந்த ஊர்தான். தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். பெண்கள் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடுவதா என்று கேட்ட காலத்தில் பாடிக் காட்டியவர். பெயரோடு ஊர்ப் பெயரும் நிலைத்தது.

குழுவாகப் பாடும்போது இது இன்னும் கடினம். நான்கு குரலும் ஒரே குரலாகச் சேர்ந்து ஒலிப்பதுதான் அந்தப் பாட்டின் அழகு. யார் குரல் எது என்று தெரியாமல் போவதும் அதனால்தான். ஆகவே காதுக்குத் தெரியாததை காகிதத்தில் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சித்தி வீட்டிலேயே உதாரணம் இருந்தது. கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால், சித்தப்பா தறியில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளுவது சித்தி. இருபது வருஷமாகத் தள்ளுகிறார். கூலிக் கணக்கு நோட்டில் சித்தப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, சித்தியின் பெயர் இன்னும் நோட்டில் ஏறவில்லை.

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும், சித்தி மகளைவிட அதிகம் கவனித்துக் கேட்டது சித்திதான். தறிச் சத்தம் நின்றிருந்தது.

"பாடட்டும், நான் வேணாங்கல. ஆனா நாலு பேர் பேரும் முதல்ல அதுல எழுதச் சொல்லு" என்றார்.

அன்றைக்கு இரவே அந்த மெசேஜுக்குப் பதில் போனது. ஆறு கேள்விகளையும் தங்கையே டைப் செய்து அனுப்பினாள். இந்தக் கட்டுரை எழுதும் வரை பதில் வரவில்லை. நாலு பேரும் அடுத்த பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை வீடியோவுக்குக் கீழே யார் எந்த வரி பாடினார்கள் என்று பெயரோடு போடப்போகிறார்களாம்.